வியாழக்கிழமைக் கோளாறு

"ரினாத்தி இன்னைக்குக் கிளம்பல" என்றார் போனில் பாக் மிஸ்தோ, மலையில் ஜீப் ஓட்டுகிறவர்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுரபாயாவில் தன் அறையில், ரினாத்தி பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஷூ லேஸைக் கட்டினாள்.

"பேட்டரியப் பாத்தீங்களா? குளிருக்கு இறங்கியிருக்கும். பக்கத்து வண்டியில இருந்து ஒயர் போட்டுப் பாருங்க."

மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வண்டி இல்ல, ந்துக், மகளே. உங்கப்பன்."

தப்பு யாருடையதும் இல்லை. தெங்கர் மலையில் முதல் குழந்தை பிறந்த அன்றைக்கே அப்பன் பெயரை எடுத்து மூலையில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் குழந்தையின் பெயரால்தான் அறியப்படுவான். ரினாத்தி பிறந்ததும் அவர் பாக் ரினாத்தி, அதாவது ரினாத்தியின் அப்பா, ஆனார். அவர் ஜீப் வாங்கியபோது முன்கண்ணாடியின் மேல் அதே பெயரை வெள்ளை எழுத்தில் ஒட்டினார். ஜீப் ஸ்டாண்டில் அவசரத்துக்கு 'பாக்' கழன்று விழுந்தது. 'ரினாத்தி மேல போயிருக்கு', 'ரினாத்திக்கு டீ சொல்லு' என்றார்கள். வண்டிக்கும் ஆளுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயருக்கு உண்மையில் சொந்தக்காரி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பஸ்களுக்கு அடியில் படுத்திருந்தாள்.

அடக்கத்தின்போது பூசாரி அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னார். கர்சிடி. கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் மெதுவாகக் கேட்டான்.

"யாரு அது?"

"நம்ம ரினாத்திதான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தூக்கத்திலேயே இருதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஸ்டாண்டுக்கு வராததால் பாக் மிஸ்தோ போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அடுப்பில் முந்தின நாள் சோளச்சோறு மிச்சமிருந்ததாம். ஒருவருக்கான பாத்திரம். அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ரினாத்தி அப்போது கீழே ப்ரோபோலிங்கோவில் தொழிற்பள்ளி மாணவி. அதன்பின் அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "எம்பொண்டாட்டி ஒரு தடவதான் செத்தா. இன்னொருத்தி வந்து செத்தா தாங்க முடியாது" என்பாராம்.

அவர் பெரிதாக எதையும் சாதித்தவர் அல்ல. சரிவில் கொஞ்சம் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார். ஒரு தோட்டக் கம்பெனி கழித்துப்போட்ட பழைய ஹார்ட்டாப் ஜீப்பை ஏலத்தில் எடுத்து, கூரை ஓட்டையை அடைத்து, எரிமலை பார்க்க வருகிறவர்களை மணல்கடலுக்கு ஏற்றிக்கொண்டு போனார். இடுப்பில் சாரோங், தலையில் கம்பளிக் குல்லா, பல்லிடுக்கில் கிராம்பு சிகரெட். பயணிகள் படம் எடுத்தால் வண்டியைக் காட்டி, "அத எடுங்க, அதுதான் அழகு" என்பார். தெங்கர் வீடுகளில் விருந்தாளியை முன்னறையில் உட்காரவைப்பது மரியாதை இல்லை. அடுப்பங்கரைக்கு அழைத்து நெருப்பருகே உட்காரவைக்க வேண்டும். அவருடைய அடுப்பங்கரையில் மூன்று முக்காலிகள் இருந்தன. இரண்டின் மேல் சாம்பல் படிந்து கிடந்தது. மலை அடிக்கடி புகைவதால் இங்கே எதன்மேலும் சாம்பல் படியும். அவர் உட்கார்ந்த முக்காலி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பின்னால் மாட்டுக்கொட்டகை காலியாக இருந்தது. அவள் மலைக்கு வந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. மாட்டை எப்போது விற்றார் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

அவர்கள் பேசிக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எப்போதாவது போன் செய்வாள். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன்." "குளிரா?" "குளிர்தான்." அதற்குமேல் இருவருக்கும் வார்த்தை கிடைக்காது. அவரும் வைக்க மாட்டார், இவளும் வைக்க மாட்டாள். கடைசியில் யாராவது சிக்னலைக் குறை சொல்லி வைப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவர் தற்செயலாகச் சொன்னார். "ஸ்டீரிங் கொஞ்சம் ஆட்டம் காட்டுது, ந்துக்."

ரினாத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய வேலையே அது. கம்பெனிப் பஸ்களின் அடிப்பாகத்தைப் பார்த்து, எது தேய்ந்தது, எதை மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போடுபவள் அவள்.

"எப்படி ஆட்டம்? நேரா போகும்போதா, பள்ளத்துல விழும்போதா? ஸ்டீரிங்க எவ்வளவு திருப்பினா சக்கரம் அசையுது?"

"உள்ளங்கை அகலம் திருப்பினாதான் அசையுது."

"சும்மா விடாதீங்க. நடு ஆர்ம் தேஞ்சிருக்கும். டை ராடு முனைகளும் போயிருக்கும். மணல் உள்ள போச்சுன்னா கிங் பின் பேரிங்கும் சேந்து போகும். ஒண்ண மட்டும் மாத்தினா மத்தது அத இழுத்துத் தின்னுரும். மொத்தமா பண்ணணும்."

"எவ்வளவு ஆகும்?"

அவள் அங்கேயே கணக்குப் போட்டாள். "பதினெட்டு ஜூத்தா. கூலியோட." ஒரு ஜூத்தா என்றால் பத்து லட்சம்.

"பதினெட்டு ஜூத்தா ரூப்பியாவா? அதுக்கு ஒரு மாடு வாங்கிரலாமே."

"மாட்டுல நாலு பேர ஏத்திக்கிட்டு மலையேறுவீங்களா?"

"மாட்டுக்கு ஸ்டீரிங் இல்ல. ஆட்டமும் இல்ல."

அன்றைக்கு அவள் வெகுநேரம் பேசினாள். வைத்த பிறகுதான் தொண்டை காய்ந்திருப்பது தெரிந்தது. அறை முன்பைவிட அமைதியாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு கோளாறு வந்தது. இடது பக்கம் இழுக்கிறது. ஸ்பிரிங் பட்டை முறிந்த மாதிரி கடகடவென்று சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் நடுங்குகிறது. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்குகிறது. அவள் கேள்வி கேட்பாள், அவர் பதில் சொல்வார். சில சமயம், "இரு, பாத்துட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டுப் போய், திரும்பிவந்து சொல்வார். அவள் காரணத்தைக் கண்டுபிடிப்பாள். செலவு சொல்வாள். அவர் அந்தச் செலவுக்கு என்னென்ன வாங்கலாம் என்று சொல்வார். முட்டைக்கோசு விதை, கூரைத் தகரம், ஒரு கழுதை. அடுத்த வாரம் போன கோளாறைப் பற்றிப் பேச்சே இருக்காது. புதிதாக ஒன்று இருக்கும்.

"ஒண்ணையும் முடிக்க மாட்டேங்கறீங்க பாக். போன வாரம் இடது பக்கம் இழுக்குதுன்னீங்க, இப்ப வலது பக்கங்கறீங்க."

"வயசாயிருச்சு. அதுக்குத் தெச தெரியல."

அவள் பணம் அனுப்பினால் அதே மதிப்புக்கு உருளைக்கிழங்கு பஸ்ஸில் மூட்டையாக வந்து இறங்கும்.

இப்படி அவள் மனதில் ஒரு ஜீப் நின்றது. எல்லா இணைப்பும் தளர்ந்து, எல்லாப் பட்டையும் தொய்ந்து, எந்த நேரமும் சரிவில் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஜீப். இரவில் மழை பெய்தால் அதைத்தான் நினைப்பாள். அதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே அடக்கம் முடிந்து மாலாங் நகரத்திலிருந்து பாக் ஹெர்லம்பாங் என்றொருவர் போனில் பேசியபோது அவள் எதையும் மறைக்கவில்லை. பழைய ஜீப்களை வாங்கிச் சேர்க்கிறவர் அவர். வண்டியைக் கேட்டார். வேலை செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் சொன்னாள். மொத்தம் முப்பது ஜூத்தாவைத் தாண்டியது. அவர் பேசிய விலையிலிருந்து முப்பதைக் கழித்துக்கொண்டார். கழித்தது நியாயம்தான். அவளும் அப்படித்தான் கழித்திருப்பாள்.

விற்றுவிடுவது என்று முடிவுசெய்திருந்தாள். ஓட்ட ஆளில்லாமல் நிற்கிற வண்டியைக் கந்தகச் சாம்பல் தின்றுவிடும், முதலில் ரப்பரை, பிறகு இரும்பை. பார்த்துக்கொள்ளவும் அங்கே யாருமில்லை. இருந்தாலும் வண்டியை அந்த நிலையில் ஒப்படைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உதிரிகளைப் பட்டறை விலைக்கு வாங்கினாள். இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாக ஹெர்லம்பாங் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, கனமான பெட்டியோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் பெட்டியைத் தூக்க முடியாமல், "உள்ள என்ன, கல்லா?" என்றார்.

"ஸ்டீரிங்."

"பஸ்ஸுக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்கு."

சனிக்கிழமை காலை வெயில் வந்ததும் முற்றத்தில் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினாள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. ஜாக்கி சரியாக ஏறவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றினாள். மறு சக்கரத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஸ்டீரிங்கைத் தொட்டாள். விரல் அகலம் திருப்பியதும் சக்கரங்கள் திரும்பின.

கீழே படுத்தாள். நடு ஆர்மில் புதுக் கிரீஸ் பளபளத்தது. டை ராடு முனைகளின் ரப்பர் மூடியில் ஒரு கீறல் இல்லை. பட்டையின் புஷ்களுக்கு நடுவே கடப்பாரையை விட்டு நெம்பினாள். இரும்பு முனகக்கூட இல்லை. அடிப்பாகம் முழுக்கத் தண்ணீரால் கழுவித் துடைத்திருந்தது. பட்டறையில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பஸ்களில்கூட இத்தனை சுத்தமான அடிப்பாகத்தை அவள் பார்த்ததில்லை.

வண்டிக்கு அடியிலேயே கிடந்தாள். முதலில் தோன்றியது, யாரோ வண்டியை மாற்றிவிட்டார்கள் என்பதுதான்.

"ந்துக், தூங்கறியா?"

பாக் மிஸ்தோவின் சாரோங் நுனியும் ரப்பர் செருப்பும் தெரிந்தன. அவள் வெளியே வந்தாள்.

"பாக், இதுல ஒரு கோளாறும் இல்ல."

"இல்லதான்."

"எப்ப ரிப்பேர் பண்ணாரு?"

பாக் மிஸ்தோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்தார். சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"நீ மொத மொத பதினெட்டு ஜூத்தான்னு சொன்னேல்ல, அந்த வாரமே. மாட்ட வித்தான். நானும் கூட இருந்து மாட்டினேன். நீ சொன்ன வரிசை மாறாம, ஒண்ணு விடாம."

"அப்புறம் எதுக்கு இத்தன வருசமா…"

"சரியாயிருச்சுன்னு சொல்லத்தான் போன எடுத்தான். எடுத்துட்டு யோசிச்சான். 'சரியாயிருச்சுன்னு சொன்னா அப்புறம் அவ என்னத்தப் பேசுவா?'ன்னு எங்கிட்டக் கேட்டான். எனக்கென்ன தெரியும்? எம்மவன் எங்கூடப் பேசறதே சிகரெட்டுக் காசு கேக்கத்தான். அந்த வாரம் என் வண்டி இடது பக்கம் இழுத்துச்சு. அதச் சொல்லுன்னேன்."

அவள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள்.

"நீ டயர் காத்து, பட்டை போல்ட்டு, சக்கரக் கோணம், எல்லாம் பாக்கச் சொன்னே. பட்டை போல்ட்டுதான். மாத்தினேன். இழுக்கல. அடுத்த வாரம் ஸ்டாண்டுல பாக் தெகு வந்து நின்னான். பிரேக் பிடிச்சா ஸ்டீரிங் நடுங்குதுன்னான். வியாழக்கிழமை வந்தா உங்கப்பனச் சுத்தி ஒரு கூட்டம் நிக்கும், ந்துக். எவன் கோளாற இந்த வாரம் சொல்றதுன்னு சண்டையே வரும். சீட்டுப் போட்டுப் பாத்தோம். ஒருத்தன் ரெண்டு தடவ பேரெழுதிப் போட்டுட்டான்."

"'இரு, பாத்துட்டு வரேன்'னு போவாரே."

"அவன் எங்க பாத்தான்? வண்டிக்காரன் பக்கத்துலயே நிப்பான். அவன்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுவான்." பாக் மிஸ்தோ சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வலது பக்கம் இழுக்குதுன்னு ஒரு தடவ சொல்லி மாட்டிக்கப் பாத்தான். அன்னைக்கு வேர்த்துப் போச்சு அவனுக்கு, இந்தக் குளிர்ல."

ரினாத்தி எழுந்து ஜாக்கியை இறக்கினாள். சக்கரங்கள் தரையில் பதிந்தன. அவள் மனதில் இத்தனை காலம் நின்ற ஜீப், இரவில் மழை பெய்யும்போது அவளை விழித்திருக்கவைத்த ஜீப், எங்கேயும் இருந்ததில்லை. ஸ்டாண்டில் நின்ற எல்லா வண்டிகளின் தளர்ச்சியையும் ஒட்டிச் செய்தது அது. அதற்கு அவள் போட்ட மதிப்பீடுகள் எல்லாம் சரியாக இருந்தன. அந்த ஜீப் மட்டும்தான் பொய்.

"பெட்டில என்ன கொண்டுவந்தே?"

"ஒண்ணுமில்ல பாக். ஸ்டீரிங் சாமான்."

அவர் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. அதற்குமேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாக் ஹெர்லம்பாங் வந்தார். நல்ல மனிதர். முன்னறையில் உட்காரப் போனவரை அவள் அடுப்பங்கரைக்கு அழைத்து, சாம்பல் தட்டிய முக்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பிறகு அவர் வண்டியை எடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரிவு இறங்கி மணல்கடலுக்குள் போனார்கள். பனி விலகாத கறுப்பு மணல். முந்தின வண்டிகளின் தடம் குறுக்கே வெட்டிக் கிடந்தது. அதன்மேல் ஏறி இறங்கும்போது ஸ்டீரிங் ஒரு தரம் உதறி நின்றது. அவ்வளவுதான். நடுமணலில் அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பார்த்தார். வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போயிற்று.

"ம்பா ரினாத்தி," என்றார் அவர், அக்கா என்பது போன்ற மரியாதையோடு, "முப்பது ஜூத்தாவுக்குக் கோளாறு சொன்னீங்க. எங்க அது?"

"அதெல்லாம் வேற வண்டியோடது, பாக். தப்பாச் சொல்லிட்டேன்."

"வாங்க வர்றவன்கிட்ட இல்லாத கோளாற சொல்லி விலையக் குறைக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்." அவர் சிரித்தார். "கழிக்க ஒண்ணுமில்ல. நீங்களே விலை சொல்லுங்க. பேரம் பேசல."

அவள் சொல்ல வாயெடுத்தாள். தேய்ந்ததற்கு விலை தெரியும். முறிந்ததற்கு, கசிவதற்கு, தளர்ந்ததற்கு, கையில் காகிதம் இல்லாமலே சொல்வாள். ஒரு குறையும் இல்லாத ஒன்றுக்கு எங்கிருந்து தொடங்கி எண்ணுவது என்று தெரியவில்லை. ஒரு மாடு என்று தொடங்கலாம். அதற்குமேல் போகவில்லை.

"விக்கல, பாக்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கே சொல்லணும்னு இல்ல."

"இல்ல. மன்னிச்சுக்குங்க. மாலாங்கிலிருந்து வரவச்சுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. வண்டியைத் திருப்பும்போது, "நல்லா வச்சிருந்திருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

பாக் மிஸ்தோவின் மகன் மிஸ்தோ அடுத்தவர் வண்டியை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சாவியைக் கொடுத்தாள். வாரம் ஒருமுறை அடியைக் கழுவிக் கிரீஸ் வைக்க வேண்டும், வியாழக்கிழமை போன் செய்து நிலவரம் சொல்ல வேண்டும் என்றாள். முன்கண்ணாடிப் பெயரை என்ன செய்வது என்று அவன் கேட்டான். அவனுக்கு இன்னும் குழந்தை இல்லை. இருக்கட்டும் என்றாள். பெட்டியை மறுபடி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சுரபாயா போனாள். அது கட்டிலுக்கு அடியில் போயிற்று.

வியாழக்கிழமை பட்டறையிலிருந்து நேராக அறைக்கு வந்தாள். சாப்பிடாமல் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னபடி மிஸ்தோ கூப்பிட்டான்.

"ம்பா, மிஸ்தோ பேசறேன். வண்டி நல்லா இருக்கு."

"ஸ்டீரிங்?"

"நல்லா இருக்கு."

"பள்ளத்துல விழும்போது?"

"ஒண்ணுமில்ல."

"பட்டை? ஷாக் அப்சார்பர்? பிரேக் பிடிச்சா நடுக்கம் எதாவது?"

"எல்லாம் நல்லா இருக்கு, ம்பா. கிரீஸ் வச்சுட்டேன்."

அவன் நேர்மையான பையன். இல்லாததைச் சொல்லத் தெரியாதவன். ஜீப் ஸ்டாண்டின் காற்று போனுக்குள் வீசியது. அந்தக் காற்றை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வியாழக்கிழமை அப்பா 'இரு' என்று சொல்லிவிட்டுப் போனபோதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப வைக்கட்டுங்களா, ம்பா?"

அவள் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்தோ, அங்க வேற யார் வண்டியாவது… எதாவது ஆட்டம், இழுப்பு, சத்தம்…"

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"இருங்க, கேட்டுட்டு வரேன்" என்றான்.

போனை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. ஜீப்பின் முகப்பாக இருக்கும். அவனுடைய செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. தூரத்தில் அவன் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பதில் எதுவும் கேட்கவில்லை. வேறொரு பெயரைக் கூப்பிட்டான்.

ரினாத்தி போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு, காற்றைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.